சிப்பிக்காக ஊர் தாண்டிப் போகிறவர்கள்: உணவுச் சுற்றுலா என்றால் என்ன?

ஞாயிற்றுக்கிழமை மதியம் மேட்டூர் அணைப் பூங்காப் பக்கம் போய் நின்று பாருங்கள். சேலத்திலிருந்தும் ஈரோட்டிலிருந்தும் வந்து வண்டி நிறுத்தியிருப்பவர்களில் பாதிப் பேருக்கு அணையில் எத்தனை அடி தண்ணீர் என்பதில் அக்கறையே இருக்காது. மசாலா தடவித் தட்டில் அடுக்கி வைத்திருக்கும் மீனில் எது பெருசு, எது இன்றைக்குப் பிடித்தது என்று விசாரித்து, கண் முன்னால் பொரிக்கச் சொல்லி, வாங்கி நின்றபடியே சாப்பிடுவார்கள். சேலத்தில் மீன் வறுவல் கிடைக்காதா என்ன? தாராளமாகக் கிடைக்கும். ஆனாலும் 50 கிலோமீட்டர் வண்டி ஓட்டிக்கொண்டு போகிறார்கள். ஏன் என்று கேட்டால், "அங்கே போய்ச் சாப்பிடுற மாதிரி வராதுங்க" என்பார்கள். உணவுச் சுற்றுலா என்ற பெரிய பெயருக்குப் பின்னால் இருக்கும் சங்கதி இதுதான்.

பயணத்தில் சாப்பிடுவது வேறு, சாப்பிடுவதற்காகப் பயணம் போவது வேறு. ஊட்டிக்குப் போன இடத்தில் பசி எடுத்து, பக்கத்து ஓட்டலில் தக்காளி சாதம் சாப்பிட்டால் அது வெறும் மதியச் சாப்பாடு. ஒரு பொருள் விளைகிற, பிடிபடுகிற, சமைக்கப்படுகிற இடத்துக்கே தேடிப் போய், அதைச் செய்கிறவர்களைப் பார்த்து, நாலு கேள்வி கேட்டு, அங்கேயே சாப்பிட்டுவிட்டு வந்தால் அது உணவுச் சுற்றுலா. லூசி லாங் என்ற அமெரிக்க நாட்டார் வழக்காற்றியல் ஆய்வாளர் 1998இல் இதை ஓர் ஆய்வுப் பொருளாக எடுத்து எழுதிய பிறகு கல்லூரிகளில் பாடமே வந்துவிட்டது. யுனெஸ்கோவும் உணவுக்கலைக்கென்று நகரங்களைத் தேர்ந்தெடுக்கிறது. 2019இல் ஹைதராபாத் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. பழக்கம் என்னவோ பழசுதான். பழனி பஞ்சாமிர்தமும் திருநெல்வேலி அல்வாவும் எந்தப் பாடத்திட்டத்துக்கும் காத்திருக்கவில்லை.

இதைச் சேலத்துக்காரர்களுக்கு விளக்கக் கடல் சிப்பியை எடுத்துக்கொள்வது கொஞ்சம் குறும்புதான். கடல் நமக்கு ஏறக்குறைய 200 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. நம் சந்தையில் சிப்பி வேண்டும் என்றால் சிப்பிக் காளான் பாக்கெட்டை எடுத்து நீட்டுவார்கள். ஆனால் உணவுச் சுற்றுலாவின் உள் இயக்கத்தைச் சிப்பியைப் போல அப்பட்டமாகக் காட்டும் பண்டம் வேறு இல்லை. காரணம், பெரும்பாலும் பச்சையாகவே சாப்பிடுவதால் அதில் சமையலே கிடையாது. சமையல்காரரின் கைப்பக்குவம், மசாலா, அலங்காரம் எல்லாவற்றையும் கழித்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கும்? இடம் மட்டும்தான் இருக்கும். அந்த இடத்தை விற்பதுதான் இந்தத் தொழில்.

சிப்பிக்குள் என்ன இருக்கிறது

சிப்பி இரண்டு ஓடுகளுக்குள் வாழும் ஒரு மெல்லுடலி. சிறு வயதில் எங்காவது ஒட்டிக்கொண்டால் அப்புறம் அது தானாக நகராது. கடல் தண்ணீரை உள்ளே இழுத்து, அதில் மிதக்கும் நுண்ணுயிர்ப் பாசிகளை வடிகட்டித் தின்றுவிட்டு, மீதித் தண்ணீரை வெளியே விடும். வளர்ந்த சிப்பி ஒன்று, சூழல் சரியாக இருந்தால், ஒரு நாளைக்கு 100 லிட்டருக்கும் மேல் வடிகட்டும். ஆக அந்தத் தண்ணீரின் உப்பு, அதில் வளரும் பாசி, ஆறு கலக்கும் இடமா, திறந்த கடலா என்பதெல்லாம் அதன் சதையில் சுவையாக ஏறிவிடுகிறது. ஒரே இனச் சிப்பியை இரண்டு ஊரில் வளர்த்தால் இரண்டு ருசி வரும்.

பிரான்ஸின் மேற்குக் கரையில் மரேன் என்ற ஊர்ப் பக்கம் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அங்கே பழைய உப்பளங்களைச் சிப்பிக் குளங்களாக மாற்றியிருக்கிறார்கள். கடலில் வளர்ந்த சிப்பியைக் கடைசிக் கட்டத்தில் கொண்டுவந்து இந்தக் குளங்களில் விடுவார்கள். குளத்தில் வளரும் ஒருவகை நுண்பாசி நீல நிறமி ஒன்றை வெளியிடுகிறது. அந்தத் தண்ணீரை வடிகட்டி வடிகட்டிச் சிப்பியின் செவுள் பச்சையாகிவிடும். பச்சைச் செவுள் இருந்தால் விலை கூடுதல். இனம் மாறவில்லை, விதை மாறவில்லை. கடைசியில் எந்தத் தண்ணீரில் கிடந்தது என்பது மட்டும்தான் மாறியிருக்கிறது.

இன்னொரு குணம், சிப்பியைச் சாப்பிடும் நிமிடம் வரைக்கும் அது உயிரோடு இருக்க வேண்டும். ஓடு திறந்து கிடந்து, தட்டினாலும் மூடவில்லை என்றால் செத்துவிட்டது என்று அர்த்தம். தூக்கிப் போட வேண்டியதுதான். குளிரில் வைத்துச் சில நாள் காப்பாற்றலாம், விமானத்தில் அனுப்பலாம், அனுப்பவும் செய்கிறார்கள். ஆனாலும் கரையில் சாப்பிடுவதற்கு அது ஈடாகாது. இங்கே ஒரு விதியைக் கவனியுங்கள்: எந்த உணவு பயணத்துக்குத் தாங்காதோ, அந்த உணவை நோக்கி மனிதர்கள் பயணம் போகிறார்கள். இந்த ஒன்று மனத்தில் பதிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

அதே பிரான்ஸில், பிரிட்டனி பகுதியில் கான்கால் என்ற துறைமுகத்தை எடுத்துக்கொள்வோம். துறையின் ஓரத்தில் வரிசையாகச் சிறு கடைகள். தட்டுகளில் சிப்பிகளை அளவுப்படி பிரித்து, எண் எழுதி வைத்திருப்பார்கள். எண் சின்னதாக இருந்தால் சிப்பி பெரியது; முதல்முறை வருகிறவர்கள் எல்லாரும் இதில் குழம்புவார்கள். டஜன் கணக்கில் கேட்டால் கடைக்காரரே உடைத்து, பாதி எலுமிச்சம் பழத்தோடு தட்டில் வைத்துக் கொடுப்பார். நாற்காலி, மேசை எதுவும் இல்லை. கடலைப் பார்த்த படிக்கட்டில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, ஓட்டைக் கீழே கரையில் வீசிவிட்டுப் போக வேண்டியதுதான். அந்தக் கரையே ஓடுகளால் வெள்ளையாகக் கிடக்கும். வானம் தெளிவாக இருந்தால் எதிரே தூரத்தில் மோன் சாங் மிஷேல் தீவு மடம் தெரியும்.

அந்த வளைகுடாவில் கடல் ஏறி இறங்கும் வித்தியாசம் சில நாள்களில் 13, 14 மீட்டர் வரை போகும். நான்கு மாடிக் கட்டடத்தின் உயரம். கடல் வற்றும்போது தரையில் இரும்புச் சட்டங்களும், அவற்றின்மேல் வலைப் பைகளில் சிப்பிகளும் வரிசை வரிசையாக வெளியே தெரியும். விவசாயிகள் டிராக்டரை ஓட்டிக்கொண்டு கடலுக்குள் போவார்கள். பைகளைப் புரட்டி, உலுக்கி, பாசியைத் தட்டிவிட்டு, தண்ணீர் திரும்பி வருவதற்குள் கரை ஏறிவிட வேண்டும். விற்பனைக்கு ஆகும் அளவுக்கு ஒரு சிப்பி வளர ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் பிடிக்கும். தட்டில் இருப்பது எங்கே விளைந்தது என்று படிக்கட்டில் உட்கார்ந்திருப்பவர் யாரையும் கேட்க வேண்டாம். நிமிர்ந்து பார்த்தாலே தெரிகிறது. வயலும் கடையும் சாப்பிடும் இடமும் ஒரே பார்வைக்குள் வந்துவிடுகின்றன. உலகத்தில் எத்தனை உணவுக்கு இந்த வசதி இருக்கிறது?

சிப்பியை உடைக்கிற விதமும் ஒரு கூத்துதான். குழிவான ஓடு கீழே வரும்படி துணியில் பிடித்துக்கொண்டு, இரண்டு ஓடுகளும் சேரும் கீல் முனையில் குட்டைக் கத்தியை நுழைத்து ஒரு திருகு திருகுவார்கள். சின்னதாக ஒரு சத்தம் கேட்கும். கத்தியை மேல் ஓட்டின் உட்புறமாக இழுத்தால் ஓட்டை இறுக்கிப் பிடித்திருக்கும் தசை அறுந்துவிடும்; மேல் ஓடு கழன்று கையோடு வரும். உள்ளே இருக்கும் உப்புத் தண்ணீர் சிந்தக் கூடாது. அது சிந்திவிட்டால் பாதி ருசி போச்சு. பிறகு சதைக்கு அடியிலும் ஒரு அறுப்பு. அப்படியே ஓட்டை வாயில் சாய்த்துக்கொள்ள வேண்டியதுதான். முதலில் கடல் உப்பு, மெல்லும்போது லேசான இனிப்பு, கடைசியில் இரும்புப் பாத்திரத்தில் தண்ணீர் குடித்த மாதிரி ஒரு சுவை.

"பச்சையாகவா?" என்று முகம் சுளிப்பவர்கள் ஜப்பானின் ஹிரோஷிமாவுக்குப் போகலாம். ஜப்பானில் மிக அதிகமாகச் சிப்பி வளர்க்கும் மாவட்டம் அதுதான். அங்கே ரொட்டித்தூளில் புரட்டிப் பொரிப்பார்கள், ஓட்டோடு தணலில் சுடுவார்கள், மிசோ என்ற சோயா விழுதைக் கரைத்த குழம்பில் கொதிக்கவைப்பார்கள். கல்லீரல் நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் எந்த ஊரிலும் பச்சைச் சிப்பி பக்கமே போகக் கூடாது. வெதுவெதுப்பான கடல்நீரில் இருக்கும் விப்ரியோ வகை பாக்டீரியா, கல்லீரல் கெட்டவர்களுக்கு உயிருக்கே ஆபத்தாகலாம்.

காலி அறைகளுக்காகப் பிறந்த திருவிழா

சிப்பி இருக்கிறது, கடல் இருக்கிறது, சரி. சுற்றுலா தானாக வந்துவிடுமா? வராது. யாராவது முனைய வேண்டும். அயர்லாந்தின் கால்வே நகரக் கதை இதற்குப் பொருத்தம். 1954இல் அங்கே ஒரு ஓட்டல் மேலாளருக்கு ஒரு தலைவலி. கோடை விடுமுறை முடிந்து செப்டம்பர் வந்தால் அறைகள் காலி. அதே செப்டம்பரில்தான் அந்தக் கடற்கரையில் சிப்பிப் பருவம் தொடங்குகிறது. இரண்டையும் முடிச்சுப் போட்டு ஒரு சிப்பித் திருவிழா ஆரம்பித்தார். இன்றும் அது நடக்கிறது. உலகச் சிப்பி உடைக்கும் போட்டி என்று ஒன்றும் சேர்ந்துகொண்டது. வேகமாக உடைத்தால் போதாது, சதை கிழியாமல், ஓட்டுத் துணுக்கு விழாமல், நேர்த்தியாக அடுக்கவும் வேண்டும்.

பருவம் என்பது இங்கே வெறும் சம்பிரதாயம் இல்லை. கோடையில் சிப்பி இனப்பெருக்கத்துக்குத் தயாராகும். சதை பால்போல வெளுத்துக் கொழகொழவென்று ஆகிவிடும். குளிர்காலத்தில் சத்தைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். அப்போது சதை திரண்டு இனிக்கும். அதனால்தான் செப்டம்பர் முதல் ஏப்ரல் வரைதான் சாப்பிட வேண்டும் என்று ஐரோப்பாவில் பழைய கணக்கு ஒன்று உண்டு. இப்போது இனப்பெருக்கம் செய்யாத வகைச் சிப்பிகளை வளர்த்து ஆண்டு முழுக்க விற்கிறார்கள் என்பது வேறு விஷயம். சுற்றுலாக் கோணத்தில் பார்த்தால், மற்ற பயணிகள் வராத மாதத்தில் ஒரு உணவு உச்சத்துக்கு வருகிறது என்றால் அந்த ஊருக்கு அது கிடைத்தற்கரிய பேறு. இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வையுங்கள், ஏற்காட்டுக்கு வரும்போது தேவைப்படும்.

அடுத்தது, காசு யார் கைக்குப் போகிறது என்ற கேள்வி. பிரான்ஸின் ஆர்க்கஷோன் வளைகுடாவில் சிப்பி விவசாயிகள் தங்கள் மரக்குடிசைகளின் முன்னால் நாலு மேசை போட்டிருக்கிறார்கள். சிப்பி, ரொட்டி, வெண்ணெய், எலுமிச்சை, வெள்ளை ஒயின், கொஞ்சம் இறால். பெரும்பாலான இடங்களில் மெனு கிட்டத்தட்ட இவ்வளவுதான். காலையில் படகில் போய் வேலை பார்த்தவரே மதியம் தட்டை எடுத்துக்கொண்டு வருவார். மொத்த வியாபாரிக்குக் கொடுத்தால் கிடைப்பதைவிட இந்த மேசையில் ஒரு சிப்பிக்குக் கிடைக்கும் தொகை அதிகம். நடுவில் ஆள் இல்லை. பெரிய மெனு போட்டு, பத்து ஆள் வைத்து, ஓட்டல் நடத்தப் புறப்பட்டால் அவர் விவசாயியாக இருக்க முடியாது. சின்ன மெனுதான் அந்தத் தொழிலின் பலம் என்பது என் எண்ணம். நம் ஊரில் ஒரு தோட்ட வீட்டில் தங்குமிடம் தொடங்கினால் மறுநாளே சைனீஸ், தந்தூரி என்று பலகை மாட்டிவிடுகிறார்கள். பார்த்தாலே எரிச்சல் வரும்.

தெற்கு ஆஸ்திரேலியாவின் காஃபின் பே என்ற இடத்தில் இன்னும் ஒரு படி மேலே போய்விட்டார்கள். வருகிறவருக்கு மார்பு வரைக்கும் ரப்பர் உடுப்பு மாட்டி, கடலுக்குள் நடத்திக் கூட்டிக்கொண்டு போய், தண்ணீரில் நிற்கவைத்தே சிப்பி உடைத்துக் கொடுக்கிறார்கள். டென்மார்க்கின் கதை தலைகீழ். வெளியிலிருந்து வந்த பசிபிக் சிப்பி அங்கே ஆழமில்லாத கடலில் கட்டுக்கடங்காமல் பெருகிவிட்டது. வழிகாட்டியோடு நடந்து போய் வாளி நிறையப் பொறுக்கிக்கொண்டு வருவதே ஒரு சுற்றுலாவாகிவிட்டது. 2017இல் சீனாவில் இருக்கும் டென்மார்க் தூதரகம் இந்தத் தொல்லையைப் பற்றிச் சமூக ஊடகத்தில் எழுத, "எங்களுக்கு விசா கொடுங்கள், தின்று தீர்த்துவிடுகிறோம்" என்கிற தொனியில் சீனர்கள் பதில்களைக் குவித்துவிட்டார்கள்.

பாரம்பரியம் என்று பேசுவதிலும் ஒரு வேடிக்கை இருக்கிறது. பிரான்ஸில் இயற்கைச் சிப்பிப் படுகைகளை 19ஆம் நூற்றாண்டிலேயே சுரண்டித் தீர்த்துவிட்டார்கள். மூன்றாம் நெப்போலியன் காலத்தில் விக்டர் கோஸ்த் என்ற அறிஞரின் யோசனைப்படி திட்டமிட்ட வளர்ப்பு தொடங்கியது. கூரை ஓடுகளில் சுண்ணாம்புப் பூச்சுப் பூசிக் கடலில் வைத்தால் குட்டிச் சிப்பிகள் ஒட்டிக்கொள்ளும், பிறகு சேதமில்லாமல் சுரண்டி எடுக்கலாம். 1970களில் நோய் வந்து அப்போதிருந்த சிப்பி இனமும் அழிந்துபோக, ஜப்பானிலிருந்து வேறு இனத்தைக் கொண்டுவந்து விட்டார்கள். இன்று கான்கால் படிக்கட்டில் உட்கார்ந்து "ஆஹா, பிரெஞ்சுச் சிப்பி" என்று சாப்பிடுகிறவர் பெரும்பாலும் சாப்பிடுவது ஜப்பான் வம்சத்தைத்தான். அதனால் ருசி குறைந்துவிடவில்லை. தண்ணீர் அந்த ஊர்த் தண்ணீர், கை அந்த ஊர்க் கை.

அந்தத் தண்ணீர் கெட்டுப்போனால் எல்லாம் போச்சு என்பதுதான் இதன் மறுபக்கம். 2023 டிசம்பர் கடைசியில் ஆர்க்கஷோனில் சிப்பி சாப்பிட்டவர்கள் பலருக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு. நோரோவைரஸ் என்ற தொற்றுக்கிருமியின் வேலை. கனமழையில் சாக்கடைக் கட்டமைப்பு தாங்காமல் கழிவுநீர் வளைகுடாவில் கலந்ததுதான் காரணம் என்று விவசாயிகள் கொதித்தார்கள். பிரெஞ்சுக்காரர்கள் மிக அதிகமாகச் சிப்பி சாப்பிடும் புத்தாண்டு வாரத்தில் விற்பனைக்குத் தடை. அழகான வளைகுடா என்று ஆட்கள் வந்து குவிகிறார்கள், வீடுகள் பெருகுகின்றன, கழிவு பெருகுகிறது. சிப்பி அதையும் சேர்த்து வடிகட்டித் தனக்குள் வைத்துக்கொள்கிறது. சுற்றுலா தன் மூலதனத்தையே தின்னும் விதத்தை இதைவிட நேராகக் காட்ட முடியாது.

சேலத்தில் எது சிப்பி?

மேலே சொன்ன விதியை நம் ஊர்ப் பண்டங்களின்மேல் போட்டுப் பார்ப்போம். பயணத்துக்குத் தாங்காதது எது?

சந்தேகமே வேண்டாம், தட்டுவடை செட். இரண்டு தட்டுவடைக்கு நடுவில் காரச் சட்னியும் புதினாச் சட்னியும் தடவி, துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயம் வைத்து மூடிக் கையில் தந்தால் உடனே வாயில் போட வேண்டும். பார்சல் கட்டி வீட்டுக்குக் கொண்டுபோனால் சட்னி ஊறித் தட்டுவடை நமத்துப்போய்விடும். அந்த மொறுமொறுப்புக்கு ஆயுள் சில நிமிடங்கள். மாலை நேரத்தில் சேலத்துத் தள்ளுவண்டிகளைச் சுற்றி நிற்கும் கூட்டம், கான்கால் படிக்கட்டில் உட்கார்ந்திருக்கும் கூட்டத்துக்குச் சொந்தக்காரக் கூட்டம்தான். சென்னையிலும் பெங்களூரிலும் இப்போது 'சேலம் செட்' கிடைக்கிறது. இருக்கட்டும். பாரிஸிலும்தான் சிப்பி கிடைக்கிறது.

ஜவ்வரிசி இதற்கு நேர் எதிர். சேலம் ஜவ்வரிசிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வட இந்தியாவில் விரத நாள் கிச்சடிக்கு நம் ஊர் மரவள்ளிக் கிழங்கிலிருந்து வந்த மணிதான் போகிறது. ஆனால் அதைத் தேடி யாரும் சேலத்துக்கு ரயில் ஏறுவதில்லை. மூட்டையில் ஏறி அதுவே அவர்கள் வீட்டுக்குப் போய்விடுகிறது. புவிசார் குறியீடு வாங்கிவிட்டால் சுற்றுலா வந்துவிடும் என்று மேடையில் பேசுகிறார்கள். குறியீடு பெயரைக் காப்பாற்றும், அவ்வளவுதான். மாம்பழம் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. மல்கோவாவும் இமாம்பசந்தும் பெட்டியில் எங்கும் போகும். காயாகப் பறித்துப் பழுக்கவைத்ததற்கும் மரத்தில் பழுத்து அன்றே அறுத்ததற்கும் உள்ள வித்தியாசம் தெரிந்தவர்களுக்காக, ஒரு தோப்பு தன் கதவைத் திறந்து வைத்தால் மே மாதத்தில் ஆள் வருவார்கள்.

இனி ஏற்காட்டுக் காபி. சேர்வராயன் மலையில் 1820களில், சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில் காபி வந்தது. ஜப்பான் சிப்பி பிரான்ஸுக்குப் போன மாதிரி இதுவும் வந்து குடியேறிய பயிர்தான். இன்று மலை முழுக்க நிழலுக்கு சில்வர் ஓக் மரமும், அதில் ஏறிய மிளகுக் கொடியும், கீழே அராபிகா காபியுமாக இருக்கிறது. ஆனால் காபிக்கொட்டை பயணத்துக்கு அருமையாகத் தாங்கும் பண்டம். நன்றாகக் காயவைத்த கொட்டை மாதக்கணக்கில் கெடாது, கப்பலேறி ஐரோப்பாவுக்கே போகிறது. நம் விதிப்படி காபிக்காக யாரும் 20 கொண்டை ஊசி வளைவு ஏற வேண்டிய அவசியமே இல்லை. நடப்பதும் அதுதான். வருகிறவர்கள் ஏரியில் படகு விட்டு, பஜ்ஜி சாப்பிட்டு, லேடீஸ் சீட்டில் படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். வழியெல்லாம் காபிச் செடிக்கு நடுவில்தான் வண்டி போகிறது. குடிக்கும் காபி எந்தத் தோட்டத்துடையது என்று கேட்டால் பதில் சொல்ல அநேகமாக ஆள் இருக்காது.

அப்படியென்றால் காபிச் சுற்றுலா முடியாதா? முடியும், ஆனால் கோப்பையை வைத்துக்கொண்டு முடியாது. கொட்டை பயணம் போகும். பழம் போகாது, பூவும் போகாது. மார்ச், ஏப்ரலில் ஒரு நல்ல மழை பெய்தால் எட்டு, பத்து நாளில் செடி முழுக்க ஒரே நேரத்தில் வெள்ளையாகப் பூத்துவிடும். மல்லிகை மாதிரி வாசனை. ஒரு சில நாளில் வாடிவிடும். நவம்பரில் பழம் சிவக்கத் தொடங்கும். ஜனவரி, பிப்ரவரி வரை பறிப்பு. பழுத்த பழத்தை இரண்டு விரலால் அழுத்தினால் இரண்டு கொட்டைகளும் வழுக்கிக்கொண்டு வெளியே வரும். மேலே ஒட்டியிருக்கும் கொழகொழப்பை வாயில் வைத்தால் இனிப்பு. காபி வாசனை துளியும் கிடையாது. காலமெல்லாம் காபி குடித்தவர்கள்கூட இந்த இடத்தில் அசந்துபோவார்கள். பறித்த பழத்தை அன்றைக்கே பல்ப்பர் இயந்திரத்தில் விட்டுத் தோல் உரித்து, தொட்டியில் ஊறவைத்துப் புளிக்கவைத்து, கழுவி, களத்தில் பரப்பிக் காயவைப்பார்கள். அப்போதும் கொட்டையை முகர்ந்தால் காய்ந்த புல் வாசம்தான். வறுக்கும்போதுதான் நாம் காபி என்று சொல்லும் அந்த மணம் பிறக்கிறது.

இதையெல்லாம் ஒரு நாளில் காட்டிவிடலாம்: காலையில் பறிப்பு, மதியம் பல்ப்பர், மாலையில் ஒரு வாணலியில் கொஞ்சம் வறுத்து, அரைத்து, சிக்கரி கலக்காமல் ஒரு டபரா. கால்வே ஓட்டல்காரரின் கணக்கு இங்கேயும் அப்படியே பொருந்துகிறது. ஏற்காட்டில் கூட்டம் மே மாதக் கோடை விழாவுக்கு வந்து முட்டுகிறது. அறை கிடைக்காது, மலைப்பாதையில் வண்டி நகராது. அறுவடையோ பனி மூடிய டிசம்பர், ஜனவரியில். புத்தாண்டு, பொங்கல் விடுமுறையை விட்டுவிட்டால் அந்த மாதங்களின் வார நாள்களில் அறைகள் காலியாகத்தான் இருக்கும். அந்தக் காலி அறைகளுக்கு ஏற்ற சரக்கு செடியில் பழுத்துத் தொங்குகிறது.

காசு யாருக்கு என்ற கேள்வியையும் விட்டுவிடக் கூடாது. காபி பறிக்கும் கைகளில் நிறைய, மஞ்சக்குட்டை, நாகலூர் போன்ற ஊர்களைச் சுற்றி வாழும் மலையாளிப் பழங்குடி மக்களுடையவை. எந்தப் பழம் சரியாகப் பழுத்தது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லும் அவர்களைவிட நல்ல வழிகாட்டி யார்? சுற்றிக் காட்டும் வேலையும் அதற்கான சம்பளமும் அவர்களுக்குப் போனால், சாமைச் சோறும் கீரையும் அவர்கள் சமைத்து விற்கும் மதியச் சாப்பாடாக வந்தால், அது ஆர்க்கஷோன் குடிசை மேசையின் மலைப் பதிப்பு. வெளியூர்க்காரர் ஒருவர் ரிசார்ட் கட்டி, சமையல்காரரையும் வெளியூரிலிருந்து கூட்டிவந்து, சுவரில் காபிச் செடி படம் மாட்டினால் அது வேறு வியாபாரம். உணவு விற்க உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு வேண்டும் என்பதையும், வீட்டில் விருந்தினர் தங்கவைக்க உள்ளூர் அனுமதிகள் உண்டு என்பதையும் தொடங்குவதற்கு முன்பே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

கழிவு விஷயத்தில் மலைக்குக் கடலைவிட ஆபத்து அதிகம், எல்லாமே கீழ்நோக்கித்தான் ஓடிவரும். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி முதல் தமிழ்நாடு முழுக்கத் தடை. கொண்டை ஊசி வளைவுகளின் ஓரம் எட்டிப் பார்த்தால் அந்தச் சட்டத்தின் நிலைமை தெரிந்துவிடும்.

போகிறவர்களுக்கு ஒரு யோசனை. தோட்ட வீட்டில் அறை பதிவு செய்யும்போது நீச்சல் குளம் இருக்கிறதா, கேம்ப் ஃபயர் உண்டா என்பதோடு சேர்த்து, நாங்கள் வரும் நாளில் பறிப்பு நடக்குமா, பல்ப்பர் எந்த நேரத்தில் ஓடும், உங்கள் தோட்டத்துக் கொட்டையை வறுத்துக் காட்டுவீர்களா என்று கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் பதினோராவது ஆள் வருவதற்குள் அவர்களே ஏற்பாடு செய்து வைத்திருப்பார்கள்.

சிப்பியே வேண்டும் என்பவர்களுக்கு

பிரான்ஸ் வரை போக வேண்டாம். தூத்துக்குடியில் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 1970களிலிருந்தே உண்ணும் சிப்பி வளர்ப்பைச் செய்து பார்த்து, முறைகளை வகுத்தது. வளர்ந்த சிப்பியைச் சுத்தமான தண்ணீரில் வைத்து உள்ளே இருக்கும் அழுக்கையும் கிருமியையும் வெளியேற்றும் வழியும் அதில் அடக்கம். முத்துக்குப் பேர்போன அந்தக் கரையில் சிப்பியைத் தின்னும் வழக்கம் மட்டும் ஏனோ பெரிதாக ஊன்றவில்லை. கேரளத்தில் ஊன்றியது. கொல்லம் அஷ்டமுடிக் காயலில் சிப்பி வளர்க்கிறார்கள். வடக்கே காசர்கோடு மாவட்டம் படன்னாப் பக்கம் 1990களின் பிற்பாதியிலிருந்து மகளிர் குழுக்கள் கயிற்றில் கல்லுமேக்காய் வளர்க்கின்றன. இது சிப்பியின் உறவுக்காரி. அரிசி மாவு, தேங்காய், சோம்பு சேர்த்து அரைத்த விழுதை ஓட்டுக்குள் அடைத்து ஆவியில் வேகவைத்து, பிறகு மிளகாய்த்தூள் புரட்டிப் பொரித்துத் தருவார்கள். பச்சையாகச் சாப்பிடத் தயங்குகிறவர்களுக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடையாது. இரவில் சேலம் ஜங்ஷனில் மங்களூர் மெயில் ஏறினால் காலையில் பையன்னூரில் இறங்கலாம். அங்கிருந்து படன்னா பக்கம்தான். ஏப்ரல், மே மாதம்தான் அங்கே அறுவடை. ஜூனில் மழை இறங்கிவிட்டால் காயலில் உப்பு குறைந்து கல்லுமேக்காய் செத்துவிடும் என்பதால் அதற்குள் எல்லாவற்றையும் எடுத்துவிடுவார்கள். டிக்கெட்டை அதற்கேற்றபடி போட்டுக்கொள்ளுங்கள்.